ஏழாம் நம்பருக்கு ஐந்து வெள்ளி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு மதிய இடைவேளையில், தயிர்சாதத்துக்கு எதிரே உட்கார்ந்து, இன்னொருவர் சொல்லக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஐந்து நாள் சிறுகதைப் பட்டறை நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். பதினாறு மாணவர்கள். நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் படியுங்கள் என்றேன். முதல் நாள் யார் யாரோடு உட்கார்ந்தார்களோ, இரண்டாம் நாளும் அதே கூட்டணி. இவன் கதையை அவன் ‘சூப்பர்’ என்பான், அவன் கதையை இவன் ‘செம’ என்பான், விமர்சனம் அத்தோடு முடிந்தது. சீட்டுக் குலுக்கிப் பார்த்தேன். குலுக்கினாலும் பழைய ஜோடிகள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டே வந்தன.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கம்ப்யூட்டர் துறையில் பாடம் எடுக்கும் பிரின்ஸி என்ற பெண், இருபத்தாறு வயதிருக்கும், தயிர்சாதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“பதினாறு பேர், நாலு நாலா, அஞ்சு தடவையா சார்? எங்கிட்ட ரெடியா இருக்கு” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

பார்த்தேன். எந்த இரண்டு பேரும் இரண்டாம் முறை சேரவில்லை. எந்த இரண்டு பேரும் சேராமல் விட்டுப்போகவுமில்லை. ஒவ்வொருவரும் மற்ற பதினைந்து பேரோடும் சரியாக ஒரே ஒரு முறை உட்காருகிறார்கள். வீணாக்கிய இரண்டு நாளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

“இவ்வளவு கச்சிதமா எப்படிம்மா வந்துச்சு?”

“எங்க ஊருக்காகப் போட்டது சார். அங்கதான் கச்சிதமா வரல.”

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கதை. எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பேரை மாற்றிவிட வேண்டும், எழுதியதைத் தனக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டாள். அவள் அனுப்பிய திருத்தங்களை அங்கங்கே அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாற்றினால் ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பார்கள், மாற்றாவிட்டால் அடிப்பார்கள். வெண்ணாற்றங்கரையில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கே தொடங்குவது என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கிழித்துப்போடாமல் வைத்திருக்கும் தொடக்கங்கள் இவை.

‘வெண்ணாற்றில் தண்ணீர் வற்றி, மணல்திட்டில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு...’

நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் கொக்குக்கு ஒரு வேலையும் இல்லை. நாற்பது வருஷமாகத் தஞ்சாவூரைப் பற்றி எழுதுகிறவன் கை, தானாகக் கொக்கு வரைந்துவிடுகிறது.

‘கட்டளை ஒன்று: பட்டியலைக் குலுக்கு. கட்டளை இரண்டு: நாலு நாலாக வெட்டு. கட்டளை மூன்று: பழைய ஜோடி இருந்தால் கட்டளை ஒன்றுக்குத் திரும்பு...’

இதை இரண்டு பக்கம் எழுதி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “டேங்க் நிரம்பிடுச்சான்னு பாருங்க” என்றாள். அதையும் விட்டேன்.

‘அந்தத் தெருவில் ஒன்பது வருஷமாக ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்...’

இது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் சுவரில் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துக்கொள்வீர்கள். அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.

கடைசியில் எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன். பிரின்ஸியின் பட்டியலைப் போலவே என் கதையிலும் எந்த இரண்டு பாத்திரமும் ஒரே காட்சியில் இரண்டு முறை சேரக் கூடாது. எழுதுகிறவனுக்கு விதி போட்டுக்கொள்வதில் ஒரு சுகம். அது எத்தனாவது பகுதியில் உடைகிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

3

ஊருக்குப் புதிதாக வந்த பங்குத்தந்தை ஃபாதர் ஜெக்கரியா. கோயில் தெருவில் இருப்பதெல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். கோயில் பதிவேட்டில் பதினாறு குடும்பம், ஒன்றிலிருந்து பதினாறு வரை நம்பர். மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். பன்னிரண்டாம் நம்பர், எட்டாம் நம்பரைப் பார்த்தால் நகர்ந்து உட்காருகிறார். அன்பியத்தில் அன்பு இருந்தது, ஆனால் தவணை முறையில் இருந்தது.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலில் பயத்தங்கஞ்சி ஊற்றுவது அந்த ஊர் வழக்கம். ஃபாதர் ஜெக்கரியா அதை மாற்றினார்.

“இந்த வருஷம் கோயில்ல கஞ்சி கிடையாது. நாலு நாலு குடும்பமா ஒரு வீட்டுல உக்காந்து குடிங்க. குருத்தோலை ஞாயிறுக்குள்ள அஞ்சு வெள்ளி வருது. ஒரு தடவை சேர்ந்தவங்க மறுதடவை சேரக் கூடாது.” பூசைக்கு வந்திருந்த கூட்டத்தில் கண்ணால் தேடி, “பிரின்ஸி, நீ கம்ப்யூட்டர் ஆளுதானேம்மா? லிஸ்ட் நீ போட்டுடு” என்றார்.

பிரின்ஸி அன்றே உட்கார்ந்தாள். என் மனைவியை டேங்க் பக்கம் திருப்பிய அதே மூன்று கட்டளைகள்தான். முதல் வாரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. இரண்டாம் வாரமும் வந்தது. மூன்றாம் வாரத்துக்குக் கொஞ்சம் யோசித்தது. நாலாம் வாரத்தில் முழி பிதுங்கி நின்றுவிட்டது. முதலில் உட்காருகிறவர்கள் இஷ்டத்துக்கு உட்கார்ந்துவிட்டால், கடைசியில் ஏறுகிறவர்களுக்கு எந்த சீட்டும் ஒத்துவராது என்பது திருவாரூர் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்புறம் அவள் கட்டம் போட்டாள். வரிசை நடவு மாதிரி, நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். யாருக்கு எந்தக் கட்டம் என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கும். முதல் வாரம் குறுக்கு வரிசை நால்வர். இரண்டாம் வாரம் நெடுக்கு வரிசை நால்வர். மீதி மூன்று வாரமும் ஒரு வரிசைக்கு ஒருவர், ஒரு நெடுக்குக்கு ஒருவர் என்று கோணலாகப் பொறுக்குவது. கோணலுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பதினாறு குடும்பத்துக்குள் மொத்தம் நூற்றிருபது ஜோடி. வாரத்துக்கு இருபத்துநாலு ஜோடி சேரும். ஐந்து வாரத்தில் நூற்றிருபது. மிச்சமும் இல்லை, மறுபடியும் இல்லை.

[பிரின்ஸி: சார், இதை நானே கண்டுபிடிச்ச மாதிரி எழுதாதீங்க. ரொம்பப் பழைய கணக்கு. புஸ்தகத்துல இருக்கு.]

இன்னொரு காரியமும் செய்தாள். பட்டியலில் பெயர்களையே எடுத்துவிட்டு வெறும் நம்பர்களை வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “பேரைப் பார்த்தா கை அரிக்கும் சார். இவங்களை அவங்களோட மாத்திவிடலாமான்னு தோணும். நம்பர்னா ஒண்ணும் தோணாது” என்றாள். இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை வைத்து அவளோடு சண்டை போடப்போகிறேன்.

4

பிரின்ஸியின் அப்பா சகாயநாதன். ஊரில் கொஞ்சம் நிலம், மற்ற நேரத்தில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர். கையில் எப்போதும் கிரீஸ் இருப்பதால் மகளின் லேப்டாப்பை இரண்டடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

“லிஸ்ட் நீதான் போடுறியாம்மா?”

“ஆமாப்பா.”

“யார்கூட வேணா போடு. அந்தப் பக்கம் மட்டும் வேணாம்.”

அந்தப் பக்கம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே இருப்பது அவருடைய ஒரே அண்ணன் ரெமிஜியஸ்.

“அப்படி ஒரு ஜோடியை மட்டும் தடுக்க முடியாதுப்பா. தடுத்தா மொத்தமும் நின்னுடும்.”

“ஒரு ஜோடிக்கா?”

“நூத்திருபது ஜோடி, நூத்திருபது இடம். உங்களைத் தள்ளிவெச்சா, வேற யாராவது ரெண்டு பேர் ரெண்டு தடவை சேரணும். அப்ப சாமி சொன்னது தப்பாயிடும்.”

சகாயநாதன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு யோசித்தார். “ஒரே தடவைதானே?”

“ஒரே தடவை. அதுக்கு மேல வரவே வராது. கியாரண்டி.”

ஒரு தடவை என்றால் முகத்தைக் கஞ்சிக் கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

இப்போது சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் இவர்களுடைய தகப்பனார் அருளப்பன் காலமானார். முப்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்கும் வேலையை சகாயநாதன் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனார். நானூறு அட்டை வந்தது. படம் அருமையாக விழுந்திருந்தது. ஊர் முழுக்கக் கொடுத்து முடித்தபிறகு, கோயிலில் ரெமிஜியஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் அடிப்பக்கத்தைப் படித்தார். ‘இங்ஙனம்’ என்பதற்குக் கீழே சகாயநாதன் இருந்தார், மருமகள்கள் இருந்தார்கள், பேத்திகள் ஃபிளோராவும் பிரின்ஸியும் இருந்தார்கள், மன்னார்குடியில் இருக்கும் ஒன்றுவிட்ட சகலை கூட இருந்தார். மூத்த மகன் ரெமிஜியஸ் இல்லை.

“என் பேரு எங்கடா?”

“பிரஸ்காரன் விட்டுட்டான்ணே.”

“நீ ப்ரூஃப் பாத்தியா?”

“பாத்தேன்.”

இந்த ‘பாத்தேன்’தான் குடும்பத்தைக் கெடுத்தது. பார்க்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நாலு வசவோடு முடிந்திருக்கும். பார்த்தேன் என்றால், பார்த்தும் விட்டான் என்று ஆகிறதே. பார்த்தும் கண்ணில் படாமல் போகலாம் என்பதை எழுதுகிறவன் நான் நம்புவேன். என் புத்தகம் ஒன்றில் முதல் பக்கத்திலேயே என் பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறது, நாலு முறை ப்ரூஃப் பார்த்தவன் நானேதான். ஆனால் பெயர் விட்டுப்போனவருக்கு இது ஆறுதலாகுமா?

அன்று மாலையே செங்கல் வந்து இறங்கியது.

[பிரின்ஸி: அன்னைக்கே இல்ல சார். மூணு மாசம் கழிச்சு, குறுவை அறுத்த பிறகு. கோபத்துக்குக்கூட எங்க ஊர்ல அறுவடை முடியணும்.]

ஒரே வீடு, நடுவில் சுவர், இரண்டு வாசற்படி. அப்போது பிரின்ஸிக்குப் பதினேழு வயது, பெரியப்பா மகள் ஃபிளோராவுக்கும் பதினேழு. இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். உன் கல்யாணத்துக்கு நான் தோழி, என் கல்யாணத்துக்கு நீ தோழி என்று பேசிவைத்திருந்தவர்கள். சுவர் வந்தபிறகு சைக்கிள் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் ஃபிளோராவுக்குக் கல்யாணம். அந்தச் செய்தி பிரின்ஸிக்குச் சுவரைத் தாண்டி வரவில்லை. கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வீடுவரை நடந்துவந்தாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

5

முதல் வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்ததும் ஃபாதர் ஜெக்கரியா பட்டியலைப் படித்தார். “பதினொண்ணாம் நம்பர் வீட்டுல பதினொண்ணு, மூணு, ஏழு, பதினாறு.”

ஏழாம் நம்பர் சகாயநாதன், மனைவி மகளோடு பதினொன்றாம் நம்பருக்குப் போனார். அது இருதயம்மாள் வீடு. நாலு குடும்பத்துக்குக் கிண்ணம் அடுக்கிவைத்திருந்தாள். உள்ளே பாயில் ரெமிஜியஸ், மனைவி மகளோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

சகாயநாதன் மகளைத் திரும்பிப் பார்த்து, “ஒரே தடவை” என்று பல்லைக் கடித்துச் சொன்னார். அப்புறம் சுவரோரமாக உட்கார்ந்து கஞ்சியைக் குனிந்த தலை நிமிராமல் குடித்தார். இருதயம்மாளுக்கு மட்டும் கிண்ணம் ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது. எண்ணிக்கை தப்பாதே என்று இரண்டு தரம் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் கிண்ணம் கேட்கப் போனாள்.

இரண்டாம் வெள்ளி. “ரெண்டு, ஏழு, ஒன்பது, பதிமூணு.” மறுபடியும் அதே பாயில் அதே ரெமிஜியஸ். சகாயநாதன் இந்த முறை மகளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கியாரண்டி கொடுத்தவளின் முகம் வெளுத்திருந்தது தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை பிரின்ஸி கோயிலுக்கு ஓடிப் பதிவேட்டைத் திறந்தாள். ஏழாம் பக்கம். குடும்பத் தலைவர்: அருளப்பன். அதற்குக் கீழே, ஒரே பக்கத்தில், மகன் ரெமிஜியஸ் குடும்பம், மகன் சகாயநாதன் குடும்பம். பதிவேட்டில் நம்பர் பதினாறு. தெருவில் கதவு பதினேழு. அவள் கதவை எண்ணவில்லை.

புரோகிராம் ஒரு தப்பும் செய்யவில்லை. ஏழாம் நம்பரை மூன்றோடு ஒப்பிட்டது, ஒன்பதோடு ஒப்பிட்டது, பதினாறோடு ஒப்பிட்டது. ஏழை ஏழோடு ஒப்பிடவில்லை. ஒருவன் தன்னையே மறுபடி மறுபடி சந்திப்பதை எந்தப் புரோகிராம் தடுக்கும்?

சுவர் வைத்து ஒன்பது வருஷமாகியும் நம்பர் ஏன் பிரியவில்லை? பழைய பங்குத்தந்தை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாராம். ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பதினேழு என்று புது நம்பர் வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஊரில் பழைய நம்பர் என்றால் வீடு. புது நம்பர் வாங்கினவன் வீட்டை விட்டுப் போனவன். ஃபாதர் ஜெக்கரியாவும் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“நான் எதுக்கு சாமி கையெழுத்துப் போடணும்? நான் எங்கயும் போகலையே” என்றார் சகாயநாதன்.

“நான் இருக்குற எடத்துலதான் சாமி இருக்கேன். போறவனைப் போடச் சொல்லுங்க” என்றார் ரெமிஜியஸ்.

பிரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். அந்தப் பிடிவாதமே இரண்டு பேரையும் ஒரே நம்பரில் கட்டிப்போட்டிருந்தது. ஃபாதர் ஜெக்கரியா, “அப்ப அஞ்சு வாரமும் கஞ்சி சேர்ந்துதான்” என்று பதிவேட்டை மூடினார். அவர் சிரித்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் அங்கே இல்லை.

6

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு பிரின்ஸிக்கு போன் போட்டேன்.

“உங்க வீட்டு நம்பர் ஏழுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“பெரியப்பா வீட்டு நம்பர்?”

“அதுவும் ஏழு.”

“அப்புறம் எப்படிம்மா தெரியாம நடந்துச்சு?”

“ரெண்டும் தனித்தனியா தெரியும் சார். சேர்த்து யோசிச்சதில்ல.”

இதைக் கேட்டு ஒரு வாரம் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. இவள் அப்பாவியா, கைகாரியா? பெயர்களை எடுத்துவிட்டு நம்பர் வைத்தது நேர்மையாலா, இல்லை, பெயர் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதாலா? ‘கியாரண்டி’ என்று அப்பாவிடம் அவ்வளவு தைரியமாகச் சொன்னவள் முகம் இரண்டாம் வெள்ளி வெளுத்தது என்று எழுதியிருக்கிறேன். அது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் முகம் வெளுத்ததை யார் பார்க்க முடியும்?

ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் அப்பாவிடம் ஊரே கேட்ட கேள்வியை இப்போது நான் மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பட்டியலில் பெயர் விட்டுப்போனது தவறுதலாகவா, வேண்டுமென்றேயா? இன்னொரு பட்டியலில் இருவர் சேர்ந்துபோனது தவறுதலாகவா, வேண்டுமென்றேயா? வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

[பிரின்ஸி: சந்தேகம் இருக்கட்டும் சார். அதை எடுத்துட்டா கதைல என்ன இருக்கு?]

7

மூன்றாம் வெள்ளி நடந்ததை எழுதினால், என் விதிப்படி புதிய ஆட்களைக் கொண்டுவர வேண்டும். யாரைக் கொண்டுவருவது? திரும்பத் திரும்ப அதே அண்ணன், அதே தம்பி, அதே பாய். விதி உடைந்தது. உண்மையில் ஐந்தாம் பகுதியிலேயே உடைந்துவிட்டது, நீங்கள் கண்டுபிடித்திருந்தால் சபாஷ்.

மூன்றாம் வெள்ளி ரெமிஜியஸுக்குப் புரையேறியது. சகாயநாதன் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தவில்லை. ஆனால் தன் பக்கம் இருந்த சொம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ரெமிஜியஸ் எடுத்துக் குடித்தார். ஒன்பது வருஷத்தில் இருவருக்கும் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் இதுதான் என்று இருதயம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அன்று அவள் அந்த வீட்டில் இல்லவே இல்லை.

நாலாம் வெள்ளி பிரின்ஸிக்குப் பக்கத்தில் ஃபிளோரா வந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் கழித்து என்ன பேசுவாள் என்று பிரின்ஸி காத்திருந்தாள்.

“துவையலை இப்படித் தள்ளு” என்றாள் ஃபிளோரா.

தள்ளினாள்.

“நீ போட்ட லிஸ்ட்டாமே?”

“ம்.”

“இன்னும் ஒரு வாரம்தான் இருக்கா?”

“ம்.”

ஃபிளோரா துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “தோழியா யாரு நிக்கிறதுன்னு வீட்டுல கேக்குறாங்க. நான் பேரு சொல்லல.”

“ஏன்?”

“உன் பேரைச் சொன்னா, சித்தப்பா பேரைப் பத்திரிகைல போடணும். அப்பா போட மாட்டாரு. அவரே போட்டாலும், சித்தப்பா வரணுமே. அடுத்த வாரம் பத்திரிகை அடிக்கக் குடுக்குறாங்க.”

பிரின்ஸி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு எல்லாமே இப்போது இந்த ஒன்றில் வந்து நின்றது. பத்திரிகையில் அப்பா பெயர் இருந்தால் அவள் ஃபிளோரா பக்கத்தில் நிற்கலாம். இல்லாவிட்டால், கோயிலின் கடைசி வரிசையில்கூட நிற்க முடியாது, அப்பா விடமாட்டார். மிச்சமிருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. புரோகிராமுக்கு ஆறாம் வாரம் கிடையாது.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். நான் எழுதிப் பார்த்த முடிவுகளைச் சொல்கிறேன்.

முதல் முடிவில் கோயில் மணி அடிக்கிறது, அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், சுவரில் முதல் செங்கலை...

[பிரின்ஸி: எங்க வீட்டு ஆம்பளைங்க யாரையும் கட்டிப்பிடிச்சு நான் பாத்ததில்ல சார். கன்னுக்குட்டியைத் தவிர.]

அடித்துவிட்டேன். இரண்டாம் முடிவில் சகாயநாதன் மனம் வெறுத்து, கையெழுத்துப் போட்டுப் பதினேழாம் நம்பர் வாங்கிக்கொள்கிறார். தெரு அமைதியாகிறது. இதை எழுதும்போது பிரின்ஸியின் கட்டத்தைப் பார்த்தேன். நாலுக்கு நாலில் பதினேழுக்கு இடமில்லை. எந்த வரிசையிலும் சேராமல் வெளியே நிற்கிற அந்த ஒரு நம்பரைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

மூன்றாம் முடிவில் யாரோ ஒருவருக்கு மாரடைப்பு. முடிக்கத் தெரியாத எழுத்தாளன் கடைசியில் கை வைக்கிற இடம் அது. வெட்கமில்லாமல் அரைப் பக்கம் எழுதினேன், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வரை வந்துவிட்டது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மிச்சம் இருப்பது நடந்தது மட்டும்.

9

ஐந்தாம் வெள்ளி. “ஒண்ணு, ஏழு, எட்டு, பன்னெண்டு” என்று படித்த ஃபாதர் ஜெக்கரியா ஒரு நொடி நிறுத்தினார். நாலில் எந்த வீட்டில் கூடுவது என்பதையும் குலுக்கல்தான் முடிவுசெய்திருந்தது. “ஏழாம் நம்பர் வீட்டுல” என்றார்.

ஒன்றும் எட்டும் பன்னிரண்டும் குடும்பத்தோடு வந்து ஏழாம் நம்பருக்கு முன்னால் தெருவில் நின்றார்கள். இரண்டு வாசற்படி. எதில் ஏறுவது? ஒன்றில் ஏறினால் இன்னொன்றுக்குப் பகை. இந்தப் பக்க அடுப்பிலும் கஞ்சி கொதித்தது, அந்தப் பக்க அடுப்பிலும் கொதித்தது. விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பினான் என்ற பேச்சு இரண்டு பேருக்குமே வேண்டாம்.

கடைசியில் பன்னிரண்டாம் நம்பர் பெரியவர், “எனக்குக் கால் வலிக்குதுப்பா” என்று சொல்லிவிட்டு வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஃபிளோரா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்தாள், பிரின்ஸி இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்தாள். சுவர் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. பாய்கள் அதற்கு முன்னால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விரிந்தன. இரண்டு பானையும் வெளியே வந்தன. இரண்டு கஞ்சியும் ஒரே ருசி, இரண்டு மருமகள்களும் ஒரே மாமியாரிடம் கற்றதுதானே.

குடித்து முடித்ததும் ரெமிஜியஸ் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள். தஞ்சாவூர் பிரஸ்ஸிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப். அதைத் தம்பியின் முன்னால் பாயில் வைத்தார்.

“பேரு ஏதாவது விட்டுப்போயிருக்கான்னு பாரு.”

ஒன்பது வருஷத்தில் அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. சகாயநாதன் கையை இரண்டு முறை துண்டில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். உதடு அசைந்தது. மணமகன் பெயர், ஃபிளோரா பெயர், ‘அமரர் அருளப்பன் அவர்களின் பேத்தி’, கோயில், நேரம். அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற இடத்துக்கு வந்தார். முதல் வரியில் தாய்மாமன். இரண்டாம் வரியில் அத்தைமார்கள். மூன்றாம் வரியில் நின்றுவிட்டார்.

“மூணாவது வரி காலியா இருக்குண்ணே.”

“ம்.”

“பிரஸ்காரன் விட்டுட்டானா?”

ரெமிஜியஸ் தெருவைப் பார்த்தபடி சொன்னார். “நானும் ப்ரூஃப் பாத்தேன்.”

சகாயநாதன் தலையை நிமிர்த்தவில்லை. தாள் லேசாக நடுங்கியது என்று எழுதலாம், ஆனால் பங்குனிக் காற்றும் கொஞ்சம் அடித்துக்கொண்டிருந்தது. ரெமிஜியஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் பாயில் வைத்தார். இரண்டு பாய்களும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அது கிடந்தது. ஃபிளோரா பிரின்ஸியைப் பார்த்தாள். பிரின்ஸி பேனாவைப் பார்த்தாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அண்ணன் எழுதிக்கொடுக்க மாட்டார், தம்பி தானாக எழுதிக்கொள்வாரா தெரியாது, மூன்றாவது ஆளாக நான் கை வைத்தால் அது பிரஸ்காரன் வேலை. கல்யாணம் முடிந்துவிட்டதா, பிரின்ஸி எங்கே நின்றாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “பத்திரிகை உங்களுக்கும் வரும் சார், பாத்துக்குங்க” என்றாள். என் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை, அதனால் காத்திருக்கிறேன். ப்ரூஃபை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்.

தங்கள் நல்வரவை விரும்பும்
தாய்மாமன்
அத்தைமார்கள்
.................................

ஒன்றே ஒன்று. அந்தப் பேனாவுக்கு மூடி உண்டு. ரெமிஜியஸ் பையிலிருந்து எடுத்து வைத்தபோது அது மூடியிருந்தது. எல்லோரும் தெருவைப் பார்ப்பது போலவும் வானத்தைப் பார்ப்பது போலவும் பாவனை செய்துவிட்டுத் திரும்பியபோது, மூடி தனியாகப் பாயில் கிடந்தது. திறந்தது யார் என்று பிரின்ஸியைக் கேட்டேன்.

“நான் பாக்கல சார்” என்றாள்.

நம்பரை மட்டும் பார்த்து லிஸ்ட் போட்டதாகச் சொன்னவளும் இவள்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.